மதிலைவிட ஒரு முழம் உயரம்

1

எனக்கு மன்னிக்கத் தெரியாது. ஊரில் என்னை அறிந்தவர்களுக்கு இது புதுச் சேதி இல்லை. அறியாதவர்கள் இப்போதே அறிந்துகொண்டால் மேற்கொண்டு வாசிக்க வசதியாக இருக்கும். நான் பினாங்குக்கு வந்து ஒன்பது வருசமாகிறது. துறைமுகத்துக் கிட்டங்கியில் ஸ்டோர் கிளார்க் உத்தியோகம். மூட்டை வரும், மூட்டை போகும், நான் கையெழுத்துப் போடுவேன். இதற்குள் மூன்று மேனேஜர்கள் மாறிவிட்டார்கள். தபால் தலையில் ராஜா போய் ராணி வந்துவிட்டாள். என் பெரியப்பா மகன் ஆறுமுகத்தின் மேல் எனக்குள்ள கோபம் மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது.

இந்த ஆனியோடு, பூதப்பாண்டியில் என் வீட்டு ஜன்னலோரம் பத்தாயம் வைத்து ஒரு வருசம். நெல் கொட்டிவைக்கிற மரப்பெட்டிதான் பத்தாயம்; நம் பக்கத்தில் அதைப் பார்க்காதவர் யார்? ஆனால் நான் செய்வித்தது நெல்லுக்கு இல்லை. மேலே ஆள் உட்காரவும் உள்ளே சாமான் வைக்கவும் செய்தது. அதில் உட்கார வேண்டியவள் என் மனைவி பகவதி. அதைச் செய்யும்படி ஆக்கியவன் ஆறுமுகம்.

2

பகவதிக்குக் கால் வராது. எங்கள் மகள் கோமதிக்கு எட்டு வயதாக இருக்கும்போது ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. நான் அப்போது இங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். சேதி வந்து, லீவு கிடைத்து, கப்பல் கிடைத்து நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் அவள் கையை ஊன்றித் தரையில் நகரப் பழகியிருந்தாள்.

இரண்டு பேரையும் இங்கேயே கூட்டிவந்துவிடுவது என்று முடிவு செய்தேன். திருநெல்வேலிவரை பஸ், அங்கிருந்து ரயில், நாகப்பட்டினத்தில் கப்பல். டிக்கெட் இருந்தது, பாஸ்போர்ட் இருந்தது, அம்மை குத்திய சீட்டு இருந்தது. துறைமுகத்தில் ஒரு டாக்டர் பகவதியை நாற்காலியில் பார்த்தார். எழுந்து நடக்கச் சொன்னார். நடக்க முடியாது என்றேன். தன் காலில் ஏற முடியாதவர்களுக்குச் சீட்டு இல்லை என்று காகிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார். அந்தப் பக்கம் பெட்டிகள் கூலிக்காரர் தோளில் ஏறிக்கொண்டிருந்தன. பெட்டிக்கு உள்ள வழி என் மனைவிக்கு இல்லை.

பகவதி அழவில்லை. "கோமதியக் கூட்டிட்டுப் போங்க. இங்க இருந்தா இவ எனக்குத் தண்ணி கோரியே வளருவா. அங்க பள்ளிக்கூடத்துல படிக்கட்டும்" என்றாள். அவளுடைய தம்பி அவளைத் திருப்பி ஊருக்குக் கொண்டுபோனான். நானும் கோமதியும் கப்பலேறினோம்.

ஒவ்வொரு வருசமும் இங்கே ஒரு பாரம் நிரப்ப வேண்டியிருக்கிறது. மனைவி உண்டா? உண்டு. உம்மோடு வசிக்கிறாளா? இல்லை. ஏன்? அந்த இடத்தில் ஒன்றரை அங்குலம் விட்டிருக்கிறார்கள். நான் ஒரு கோடு போட்டுவிடுவேன்.

3

பகவதிக்கு உலகம் என்று மிச்சமிருந்தது எங்கள் அறையின் ஜன்னல். மரக்கம்பி போட்ட ஜன்னல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொடங்கும். பாய் போட்டு அதனருகே உட்கார்ந்தால் முன்னால் ஆறுமுகத்தின் முற்றமும் கிணறும். அதைத் தாண்டி வயல், வயலுக்கு அப்பால் தாடகை மலை. அங்கே இருந்துதான் அவள் தைப்பாள். தெருப் பெண்களுக்கு ரவிக்கை, குழந்தைகளுக்குச் சட்டை. தைத்துக்கொண்டே நடவு நடப்பதையும் கொக்கு இறங்குவதையும் பார்த்து எனக்கு எழுதுவாள்.

நான் கோமதியோடு கப்பலேறிய மூன்றாம் மாதம் ஆறுமுகம் மதில் கட்டினான். முற்றத்தின் ஓரத்தில், எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே, ஓராள் உயரத்துக்கும் மேலே மண்மதில். மேலே ஓலை வேறு வேய்ந்திருந்தான். வீட்டில் ஆண்பிள்ளை இல்லாத நேரம் பார்த்துக் கட்டியிருக்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். பகவதி அதை இரண்டே வரியில் எழுதியிருந்தாள்: "அண்ணாச்சி மதில் கட்டியிருக்காங்க. வெயில் இப்ப அவ்வளவாக உள்ளே வருவதில்லை." எனக்கு அந்த இரண்டு வரி போதும். மூன்று வருசம் அதை மென்றேன். கிட்டங்கியில் மூட்டை எண்ணும்போது மெல்லுவேன். சோறு வடிக்கும்போது மெல்லுவேன். கோமதி எதிரே உட்கார்ந்து, "அப்பா, சுக்குப், சோறு சுக்குப்" என்பாள். போதும் என்ற சொல் அவள் வாயில் மலாயில்தான் வருகிறது. அதைத் திருத்தக்கூட எனக்கு நினைப்பு இருக்காது. மனசெல்லாம் மதிலில் கிடக்கும்.

போன வருசம் ஆறு மாத லீவில் போனேன். பெட்டியை இறக்கிவைத்த அன்றே ஆறுமுகத்தின் வாசலில் போய் நின்றேன்.

"மதில எடும்" என்றேன்.

அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாக வந்தான். "சுப்பையா, எனக்க மண்ணுல எனக்க மதிலு. ஒனக்கு என்ன செய்யிது?"

"நடக்க முடியாத ஒருத்தி கண்ண அடச்சு வச்சிருக்கீரே, செய்யிதது தெரியல்லியா?"

"போன லீவுக்கு வந்தப்ப நீ என்ன செய்த? கெணத்தடியில பொம்பளைய குளிக்கச்செல்ல ஜன்னல்ல குத்தவச்சு சுருட்டு பிடிச்சியா இல்லியா? ஒரு நாளா, ரெண்டு நாளா? நான் மதிலு கெட்டாம பின்ன என்ன செய்ய?"

நான் என் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து என் சுருட்டைப் பிடித்தேன். கிணறு அந்தப் பக்கம் இருந்தால் நான் என்ன செய்வது? சாக்கு கிடைக்காதவன் சொல்கிற சாக்கு. அவன் மனைவி செல்லம்மை மைனி கதவுக்குப் பின்னாலிருந்து, "வந்த அன்னைக்கேவா? கொழுந்தனுக்கு ஒரு மோரு குடுத்திட்டுச் சண்டை போடப்பிடாதா?" என்றாள். நான் மோர் குடிக்கவில்லை.

4

மனு எழுதித் தாலுகா கச்சேரிக்குப் போனேன். ஊர் மலையாள ராஜ்யத்தில் சேர்ந்தது; தமிழில் எழுதியிருந்தேன், மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா என்று திருப்பினார்கள். எழுதக் கூலிக்கு ஆள் பிடித்தேன். அவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்தார். மதில் ஆறுமுகத்தின் எல்லைக்குள்ளேயே ஒரு சாண் தள்ளி நிற்கிறது என்று சொல்லிவிட்டு, ஆறுமுகத்தின் வீட்டிலேயே இளநீர் குடித்துவிட்டுப் போனார். இப்போது நம் தாலுகாக்களை மதராஸோடு சேர்க்கப்போகிறார்கள் என்று இங்கே டீக்கடையில் எல்லாம் பேச்சு. ராஜ்யத்தின் எல்லையை நகர்த்த ஆள் இருக்கிறது. ஒரு மண்மதிலை நகர்த்த எனக்கு நாதி இல்லை.

அந்த மதிலை இடிக்க முடியாது என்று ஆனதும் எனக்கு வேறொன்று தோன்றியது. அவன் மண்ணில் அவன் உயர்த்தினான். என் வீட்டுக்குள் நான் உயர்த்தினால் யார் கேட்பது?

கொத்தனை வரவழைத்தேன். பழைய ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, அதே சுவரில் உத்தரத்துக்குச் சற்றுக் கீழே புது ஜன்னல் திறக்கச் சொன்னேன். மாணிக்கம் ஆசாரியை அழைத்து, ஜன்னலுக்குக் கீழே சுவரோடு சுவராகப் பத்தாயம் போலச் செய், மேலே ஆள் உட்காருகிற மாதிரி பலகை போடு, சாய்ந்துகொள்ள ஒரு கைப்பிடி வை, ஏற மூன்று படி வை என்றேன். அவசரத்தில் இங்கத்துப் பழக்கம் வாயில் வந்து அவரை "துக்காங்" என்று கூப்பிட்டுவிட்டேன். மலாயில் தச்சனுக்கு அதுதான் பெயர். ஏதோ வசவு என்று நினைத்து அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். அரை நாள் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

"பத்தாயம்னா நெல்லுக்குல்லா? இதுக்க மேல பொம்பளையாளு ஏறி இருக்கதா? என்னவே சொல்லுகீரு?" என்று கேட்டார் ஆசாரி.

"பெண்டாட்டி எனக்க பெண்டாட்டி. நீரு செய்யும்" என்றேன்.

"எவ்வளவு ஒசரம்?"

"உட்கார்ந்தா அவளுக்க கண்ணு மதிலுக்கு மேல ஒரு முழம் நிக்கணும்."

பகவதி பாயில் இருந்தபடியே சொன்னாள்: "அவ்வளவு ஒசரம் எனக்கு என்னத்துக்கு? அந்த ஓலையத் தாண்டி மலைக்க தலை தெரிஞ்சாப் போரும்."

மலையைப் பார்க்கவா இதைக் கட்டுகிறேன்? அவளுடைய கண் ஆறுமுகத்தின் முற்றத்தில் விழ வேண்டும். அவன் வீட்டார் கை கழுவினால் தெரிய வேண்டும். கோழி முட்டையிட்டால் தெரிய வேண்டும். மறைக்கக் கட்டியவனுக்கு மறைவே இல்லாமல் போக வேண்டும். அளவை ஆசாரி என் உடம்பில் வைத்துப் பார்த்தார். பலகை என் நெஞ்சுக்கு நேரே வந்தது. சரி என்றேன்.

5

பலா மரத்தில் நல்ல வேலை. மூன்று வாரம் ஆனது. முடிந்த அன்று நானே பகவதியைத் தூக்கிப் பலகையில் உட்காரவைத்தேன். அவள் ஒரு நெல்மூட்டையில் பாதி கனம் இருக்க மாட்டாள். கையெழுத்துப் போடுகிற உத்தியோகம் வருமுன் நாலு வருசம் மூட்டை தூக்கியவனுக்கு இது ஒரு பாரமா?

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"கீழ பாரு" என்றேன். "கீழ, முற்றத்தப் பாரு. யாரு நிக்கா?"

"தாடகை மலையில மழை பெய்யுது" என்றாள்.

"முற்றத்துல யாரு நிக்கான்னு கேட்டேன்."

"ஒங்க அண்ணன்தான் நிக்காங்க. இங்கதான் பாக்காங்க." அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "பாவம் போல இருக்கு."

எனக்கு அந்த நிமிசம் இனித்தது. மூன்று வருசம் மென்றதெல்லாம் அப்போதுதான் தொண்டைக்குக் கீழே இறங்கியது. மறுநாளே ஆறுமுகம் கிணற்றைச் சுற்றித் தட்டி கட்டினான். அவன் மூங்கில் நடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். உட்கார்ந்த சற்று நேரத்தில் பகவதி, "ஊசிப்பெட்டி எங்க?" என்று கேட்டாள். "உள்ளதான் வச்சிருக்கு" என்றேன். "எதுக்குள்ள?" பத்தாயத்துக்குள். பத்தாயத்தின் வாய் மேலேதான் இருக்கும். பிறந்ததிலிருந்து நானும் ஆசாரியும் அப்படித்தான் பார்த்திருக்கிறோம், அப்படியே செய்துவிட்டோம். மூடி அவளுக்குக் கீழே. மூடியைத் திறக்க அவள் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்க முடியாதவளுக்காகச் செய்த பெட்டி! அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆசாரி தலையைச் சொறிந்துகொண்டு, "நெல்லு அள்ளக் கீழ ஒரு சின்னக் கதவு வைப்போம்லா, அத இங்க கைக்கு எட்டுகதா வச்சிருவோம்" என்று பக்கவாட்டில் வெட்டிக் கொடுத்தார். கையை நீட்டினால் துணி, நூல், வெற்றிலைப்பெட்டி, என் கடிதக்கட்டு எல்லாம் வரும்.

மிச்ச லீவு முழுவதும் காலையில் ஏற்றுவேன், மதியம் இறக்குவேன், மறுபடி ஏற்றுவேன், விளக்கு வைக்கும்போது இறக்குவேன். நான் போனபிறகு தூக்குவதற்கு வேலைக்காரி இசக்கியையும் அவள் மகளையும் ஏற்பாடு செய்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றிக்காட்டினார்கள். நான் ஆவணியில் கப்பலேறினேன்.

6

இங்கே எங்கள் அறைக்கும் ஒரு ஜன்னல் உண்டு. எதிர் மாடிச் சீனர் வீட்டில் மூங்கிலில் உலர்த்திய கால்சட்டைகள் தெரியும். காலையில் அதைப் பார்த்துக்கொண்டே கோமதிக்குத் தலை பின்னுவேன். இப்போது அவளே பின்னிக்கொள்கிறாள். பதினான்கு வயது. "உங்க ஊர்ல" என்றுதான் பூதப்பாண்டியைச் சொல்கிறாள். அம்மாவுக்கு எழுது என்றால் இங்கிலீஷில் நாலு வரி எழுதி, "நீங்க தமிழ்ல மாத்திடுங்க அப்பா" என்று என்னிடம் தருவாள். நான் மாற்றும்போது இரண்டு முத்தம் சேர்த்து எழுதுவேன். அவள் அதை எழுதியிருக்க மாட்டாள்.

பகவதியின் கடிதங்களில் நான் தேடுவது ஒன்று, கிடைப்பது ஒன்று. ஆறுமுகம் என்ன செய்கிறான், முகம் எப்படி இருக்கிறது, விவரமாக எழுது என்று கேட்பேன். "அவங்க பசு கன்று போட்டிருக்கிறது, காளைக்கன்று" என்று வரும். "கும்பப்பூ நெல்நாற்று நன்றாக வந்திருக்கிறது" என்று வரும். பழி வாங்கியவனுக்கு அதன் ருசியை எழுதி அனுப்ப ஆள் இல்லை.

இந்த வைகாசியில் ஊரிலிருந்து கோலப்பன் வந்தார். எங்கள் தெருக்காரர், இங்கே ஒரு கடையில் வேலைக்கு வந்திருக்கிறார். பகவதி கொடுத்தனுப்பிய ஏத்தங்காய் வற்றலைத் தந்துவிட்டுச் சாவகாசமாகப் பேசினார். "ஒம்ம வீட்டுல இப்ப நல்ல ஐக்கியம்லா. ஒம்ம மைனியும் மருமகளும்லா தெனமும் வந்து அவியளத் தூக்கி வைக்கா" என்றார்.

வற்றல் என் வாயில் அப்படியே நின்றது. "எந்த மைனி?"

"ஒமக்கு எத்தன மைனி? ஆறுமுகம் அண்ணனுக்க வீட்டுக்காரிதான். இசக்கிக்க மக கெட்டிப் போயாச்சு. ஒத்தையில இசக்கியால முடியுமா? ஒமக்கு எழுதல்லியா?"

எழுதவில்லை. பத்து மாதமாக எழுதவில்லை. யாரை அவமானப்படுத்த அந்தப் பலகையை என் நெஞ்சு உயரத்தில் வைத்தேனோ அவர்களுடைய கையில்தான் என் மனைவி தினமும் ஏறி இறங்கியிருக்கிறாள். அன்றே எழுதினேன். ஆறுமுகத்தின் வீட்டு மனுசர் இனி என் வீட்டுப் படி ஏறக்கூடாது. ஏறினால் என் பேச்சுக்கு உன்னிடத்தில் மதிப்பு இல்லை என்று எடுத்துக்கொள்வேன். மைனியிடம் நேரிலேயே சொல்லிவிடு. எழுதி, மடித்து, கோபம் ஆறுவதற்குள் தபாலில் போட்டேன்.

7

பதில் நேற்று வந்தது. அதை அப்படியே தருகிறேன், ஒரு சொல்லும் நான் மாற்றவில்லை.

"கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடி அக்காவிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். உங்கள் பேச்சுக்கு என்னிடத்தில் மதிப்பு உண்டு. போன வருசம் நீங்கள் கப்பலேறியபின் கன்னிப்பூ நெல்லறுப்புக்கு இசக்கியும் மகளும் வயலுக்குப் போனபோது பதினாறு நாள் நான் கீழேயே கிடந்தேன். அதை உங்களுக்கு எழுதவில்லை. மதிலுக்கு மேலே பகவதிக்க தலையைக் காணல்லியே என்று தேடி வந்தவள் அக்காதான். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. இப்போது நான் சொன்னதும் அழுதுகொண்டு போனாள். இனி சுப்பையா தன் வாயால் கேட்டாலொழிய அனுப்ப மாட்டேன் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டாராம். இதைத் தரையில் இருந்துதான் எழுதுகிறேன். பழைய ஜன்னலை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். முன்னே எனக்கு மதிலாவது தெரிந்தது. இங்கே எல்லாரும் சுகம். கோமதியைக் கேட்டதாகச் சொல்லவும்."

தேதியைப் பார்த்தேன். எழுதி எட்டு நாள் ஆகியிருந்தது. நின்றபடியே மறுபடி வாசித்தேன். எனக்கு முதலில் வந்தது ஆறுமுகத்தின் மேல் ஆத்திரம்தான், பொய் சொல்ல மாட்டேன். என் வாயால் கேட்கவேண்டுமாம்! அப்புறம் பகவதியின் மேல் வந்தது. சொன்னால் சொன்னபடி செய்துவிடுவதா? இத்தனை நாள் என்னிடம் கற்ற வித்தையை என் மேலேயே காட்டுகிறாளா? இரண்டும் இறங்கியபிறகு அந்த அறை கண்ணில் வந்தது. நான்கு பக்கமும் சுவர், உச்சியில் ஒரு ஜன்னல், கீழே அவள். நானேதான் செங்கல் எடுத்துக் கொடுத்தேன்.

கடிதம் எழுதினால் போய்ச் சேர இன்னும் எட்டு நாள். லீவுக்கு இரண்டு வருசம் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்த கோமதியை அப்படியே கூட்டிக்கொண்டு தந்தி ஆபீசுக்குப் போனேன். தந்தியை இங்கிலீஷில் எழுத வேண்டும். என் இங்கிலீஷ் கிட்டங்கி இங்கிலீஷ். மூட்டை குறைவு, மூட்டை சேதம், பெற்றுக்கொண்டேன், அவ்வளவுதான் வரும்.

பாரத்தை மேஜையில் விரித்துக் கோமதி பேனாவை எடுத்தாள். "யாருக்கு அப்பா?"

ஆறுமுகத்தின் பெயரைச் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இந்த வீட்டில் அந்தப் பெயர் எப்படிச் சொல்லப்படும் என்பது அவளுக்குத் தெரியும்.

"என்ன எழுதணும்?"

"மைனியை அனுப்பவும். சுப்பையா. அது போதும்."

எழுதினாள். எழுதியதை ஒரு தடவை வாசித்துப் பார்த்தாள். பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ப்ளீஸ் போடணுமா அப்பா?"

எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றது. மலாய்க்கார குமாஸ்தா பாரத்துக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"போடு" என்றேன்.